இருப்புப் பாதை ஓரம்: தரங்கம்பாடி வண்டி

ரயில் சிற்றுருவம் அமைக்க விரும்பும் அன்பர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு இடம் வேண்டும்?" என்பதே. இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நிச்சயிக்க வேண்டியது ஆண்டு. எந்த ஆண்டு என்பது உறுதியாகிவிட்டால், நிலையத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது, வாயிலில் எந்த மோட்டாரை நிறுத்துவது, எஞ்சினுக்கு நிலக்கரியா டீசலா என்பவை யாவும் தாமே முடிவாகிவிடும். ஆண்டை நிச்சயியாமல் தொடங்கிய ஒருவர் வீட்டு மேஜையில், முதல் உலகப் போர்க் காலத்து எஞ்சினுக்குப் பக்கத்திலே செல்போன் கோபுரம் ஓங்கி நிற்கக் கண்டேன். வந்தவர்கள் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். அவர்களுள் ரயில்வே ஊழியர் எவரும் இல்லை போலும்!

நான் தேர்ந்துகொண்ட ஆண்டு 1965. ஊர் தரங்கம்பாடி.

தரங்கம்பாடிக்கு ரயில் போயிற்றா என்று நம் சங்கத்து இளைஞர் பலர் வியந்து கேட்கிறார்கள். போயிற்று. அந்நாளில் மாயவரம் என்றும் மாயூரம் என்றும் வழங்கி, 1982-இல் மயிலாடுதுறை என்று பெயர் பெற்ற ஊரிலிருந்து, மன்னம்பந்தல், செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகக் கடற்கரை வரை சென்ற மீட்டர் கேஜ் கிளைப்பாதை அது. நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1926-இல் திறந்தார்கள், 1986-இல் மூடினார்கள். வழியில் உள்ள திருக்கடையூருக்கு நம்மவர் எதற்காகப் போகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அறுபது நிறைந்தவர்கள் மாலை மாற்றிக்கொள்ளும் தலம். அந்தப் பாதைக்கும் சரியாக அறுபது நிறைந்தது. அதற்கு மாலை போடுவாரில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள்.

மூடியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பேருந்துகள் பெருகின. ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது. பேருந்தோ கடைத்தெருவில் வந்து நின்றது. நாடெங்கும் சிறு கிளைப்பாதைகளுக்கு நேர்ந்த கதை இதுவே.

சிற்றுருவக்காரனுக்கு இத்தகைய பாதை ஒரு வரப்பிரசாதம். பெரிய சந்திப்பு நிலையத்தை அமைக்க மாளிகை வேண்டும். கடைசி நிலையம் ஒன்றை மட்டும் அமைப்பதாயின் ஒரு நீண்ட பலகை போதும். வண்டி ஒரு பக்கத்திலிருந்து வரும்; நிற்கும்; எஞ்சின் கழன்று மறுபுறம் வந்து மாட்டிக்கொள்ளும்; திரும்பிப் போகும். போய்ச் சேருமிடம் ஒரு திரைக்குப் பின்னால் உள்ள நான்கு வரிசைத் தண்டவாளங்கள். காண்போர் மனத்தில் அது மாயவரம். முழுப் பாதையையும் அமைக்கலாகாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். 30 கிலோமீட்டரை 87-இல் ஒரு பங்காகக் குறைத்தால் 345 மீட்டர். எங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம் 5 மீட்டர்.

இந்த 87 என்பது எங்கிருந்து வந்தது? இத்தொழிலில் உலகெங்கும் மிகுதியாக வழங்கும் அளவு ஹெச்.ஓ. எனப்படுவது. அதில் உண்மை உலகின் ஓர் அடி, மேஜை மீது மூன்றரை மில்லிமீட்டர். அடியையும் மில்லிமீட்டரையும் இப்படி மணம் முடித்து வைத்தவர்கள் ஐரோப்பியர். நாம் பழி ஏற்க வேண்டியதில்லை. இந்த அளவுக்குக் கடைகளில் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். அதை 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வரும். அஃது ஐரோப்பாவின் அகலம். நம் நாட்டு அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். ஆகவே கடைத் தண்டவாளத்தின் மேல் நம் வண்டியை நிறுத்தினால், பெரிய மனிதர் சிறிய செருப்பை மாட்டிக்கொண்டதுபோல் தோன்றும்.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்பதற்குப் பதிலாக மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அகலப் பாதை ஐந்தரை அடி. ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் மிகச் சரியாகப் பதினாறரை! இந்தியாவுக்கென்றே எவரோ திட்டமிட்டதுபோல் பொருந்துகிறது. அந்த அளவில் ஆயத்தப் பெட்டிகள் கிடைப்பது அரிது. யாவற்றையும் கையாலேயே செய்யவேண்டும். கையால் செய்யத் துணிந்தவர்களுக்கு இதைவிடச் சிறந்த அளவு இல்லை என்பேன்.

மீட்டர் கேஜுக்கு வேறு கணக்கு. ஹெச்.ஓ. அளவில் ஒரு மீட்டர் என்பது பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் மிகுதி. கிளைப்பாதைக்கு வந்த தளர்ச்சி என்று எண்ணி மன்னித்துவிட்டேன்.

ஜல்லி முதலியவற்றுக்கு விலை கொடுத்து வெளிநாட்டுப் பொட்டலம் வாங்க வேண்டுவதில்லை. ஆற்று மணலை மாவு சலிக்கும் சல்லடையில் இருமுறை சலித்தால் தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் ஜல்லி கிடைக்கிறது. அதைக் கட்டைகளுக்கு இடையே தூவி, நீர் கலந்த பெவிக்காலில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் சோப்பைச் சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சோப்பு இல்லாவிட்டால் நீர் மணலுக்குள் இறங்காமல் முத்துப்போல் உருண்டு மணலையும் இழுத்துக்கொண்டு ஓடும். தந்திக் கம்பங்களுக்கு ஈர்க்குச்சி. வயலின் கரிய மண்ணுக்குக் காப்பி வண்டல்! டிகாக்ஷன் இறங்கியபின் பில்டரில் எஞ்சுவதை வெயிலில் நன்றாக உலர்த்தி வைத்துக்கொண்டால், காவிரிப் படுகை மண்ணுக்கு நிகரான நிறம் வருகிறது. சரியாக உலரவில்லையெனில் பூஞ்சணம் பிடிக்கும். புனேயின் ஆடி மாதத்து ஈரத்தில் உலர்த்துவது எளிதன்று. ஆகவே கோடையிலேயே மண் சேர்த்து வைப்பது எங்கள் வழக்கம். வடாம் காயும் மாடியில் ஒரு தட்டு காப்பி வண்டலும் காய்வதைக் கண்டு அடுத்த வீட்டு மராத்தியப் பெண்மணி, இது எந்தப் பலகாரத்துக்கு என்று கேட்டார்.

புனே வாசிகளாகிய நமக்கு இத்துறையில் ஒரு பாக்கியமும் உண்டு. கோத்ரூடில் 1998 முதல் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்துள்ள ஜோஷி சிற்றுருவ ரயில் காட்சிசாலை நம் பஸ் தூரத்திலேயே இருக்கிறது. ஒரு தனிமனிதரின் ஆர்வத்திலிருந்து வளர்ந்த அதைக் காணாத குடும்பங்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கின்றன என்பது எனக்கு வியப்பு.

இனி மோட்டார் விஷயம். 1965-இல் தரங்கம்பாடி நிலைய வாயிலில் என்ன நிற்கலாம்? மாட்டு வண்டி ஐயமின்றி நிற்கலாம். அம்பாசிடர் நிற்கலாம், ஆயின் அது மார்க் 2 ஆக இருக்கவேண்டும். மார்க் 3 வந்தது 1975-இல். முகப்புக் கம்பிகளை வைத்து இரண்டையும் பிரித்தறியலாம். சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1961 முதல் ஓடியது; வசதியுள்ள வீட்டுக்காரர் ஒருவர் மகளை அழைத்துப்போக அதில் வந்திருக்கலாம். நான் மரக்கட்டையில் செதுக்கிய அம்பாசிடரின் நீளம் 5 சென்டிமீட்டர். அம்பாசிடரைச் செதுக்குவது எளிது. எங்கு பார்த்தாலும் உருண்டை. கத்தி சற்றுத் தவறினாலும் அது அம்பாசிடராகவே இருக்கும். 2014-இல் உத்தர்பாராவில் அதன் உற்பத்தி நின்றபோது எங்கள் தெருவில் ஒரு முதியவர் தம் காரைக் கழுவிச் சந்தனம் இட்டார்.

மோட்டாரின்மேல் எனக்குப் பகை இல்லை. புனேயிலிருந்து சாதாரா, கோலாப்பூர், பெளகாவி, ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னை வரை நெடுஞ்சாலை நன்றாக இருக்கிறது. கோடை விடுமுறைக்குக் காரிலேயே ஊர் போகும் குடும்பங்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. நினைத்த இடத்தில் நிறுத்தலாம்; பாட்டிக்கு முழங்கால் வலி என்றால் கீழே இறங்கி நடக்கலாம். இவையெல்லாம் உண்மையே. எனினும் ஒன்று சொல்வேன். காரில் போகும் பிள்ளை, வழியில் மொழி மாறுவதை அறியாது. ரயிலில் அது காதிலேயே விழும். சோலாப்பூர் வரை சாயா விற்பவன் குரல் மராத்தி. வாடியிலும் ராய்ச்சூரிலும் கன்னடம் கலக்கும். குண்டக்கல் தாண்டினால் தெலுங்கு. விடிந்து ரேணிகுண்டா கழிந்து அரக்கோணத்தில் "காப்பி, காப்பி" என்ற கூவல் எழும்போது, உறங்கிக் கிடக்கும் மனைவியர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றும். ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒரு மொழியாக நான்கு மொழிகளைக் கடந்து வந்த பிள்ளைக்குத் தான் எங்கிருந்து எங்கே போகிறோம் என்பது தெரிந்திருக்கும். காரில் வந்த பிள்ளைக்கு எத்தனை சுங்கச் சாவடி என்பது தெரிந்திருக்கும்.

ரயிலும் மோட்டாரும் கைகோத்துப் போகும் இடமும் நம் நாட்டில் உண்டு. டார்ஜிலிங் மலைப்பாதையில் இரண்டடி அகலத் தண்டவாளம் சாலையை விட்டு விலகாது. 1881 முதல் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு மலை ஏறுகின்றன. 1969-இல் வெளிவந்த 'ஆராதனா' ஹிந்திப் படத்தில் கதாநாயகன் ஜீப்பில் பாடிக்கொண்டு வர, நாயகி ரயில் ஜன்னலில் அமர்ந்து கேட்கும் காட்சி அங்கே எடுக்கப்பட்டதே. ரயில், மோட்டார், சங்கீதம் மூன்றும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிய அக்காட்சியை ஹிந்தி அறியாத நம் பாட்டிமாரும் பார்த்திருக்கிறார்கள்.

சங்கீதம் என்றதும் நினைவுக்கு வருகிறது. செக் நாட்டு இசைமேதை துவோர்ஷாக், பிராக் நகரத்து ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் எண்களைக் குறித்துக்கொண்டு வருவாராம். ஸ்விட்சர்லாந்து வம்சத்து ஹோனெகர் 1923-இல் இயற்றிய வாத்திய இசைக்குப் 'பசிபிக் 231' என்றே பெயர். முன்னே இரண்டு, நடுவே மூன்று, பின்னே ஒன்று என்ற அச்சு வரிசையைக் குறிக்கும் எண் அது. நம் மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. எஞ்சினுக்கும் அதே வரிசைதான்.

எனக்கு ரயிலின் தாளத்தில் ஈடுபாடு மிகுதி. லெவல் கிராசிங்கில் நிற்கும்போது கவனித்திருப்பீர்கள்: தண்டவாள இணைப்பு ஒன்றின்மேல் வண்டி போகும்போது ஓசை இரட்டை இரட்டையாக எழும். பெரம்பூர் ஐ.சி.எப். பெட்டியின் அளவுகளை வைத்து இதைக் கணக்கிட்டேன். ஒரு போகியின் இரு அச்சுகளுக்கு இடையே 2.9 மீட்டர். ஒரு பெட்டியின் பின் போகிக்கும் அடுத்த பெட்டியின் முன் போகிக்கும் நடுவிலிருந்து நடு வரை 7.5 மீட்டர். பெட்டியின் முழு நீளம் 22.3 மீட்டர். ஆகவே முதல் அடி விழும், 2.9 மீட்டர் கழித்து இரண்டாம் அடி; 4.6 கழித்து மூன்றாவது, 2.9 கழித்து நான்காவது, அதன்பின் 11.9 மீட்டர் மௌனம். வட்டத்தில் பாதிக்கு மேல் கார்வை! மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வட்டம் 1.3 நொடி. முதல் இடைவெளியை ஓர் அக்ஷரம் என்று கொண்டால் முழு வட்டம் எட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன்; நான்காவது ஆவர்த்தனத்தில் ரயில் என்னை விட்டு முன்னே போய்விட்டது. வித்துவான்கள் எவரேனும் இதற்கு ஓர் ஈடு கண்டால் மகிழ்வேன். செம்பொன்னார்கோயில் நாகசுர மரபினர் ரக்தி மேளத்துக்குப் பேர்போனவர்கள். அவ்வூர் வழியாகவே தரங்கம்பாடி வண்டி நாள்தோறும் தாளம் போட்டுக்கொண்டு போயிற்று என்பதை எண்ணி இன்புறுகிறேன். அவ்வளவே, ரயிலிடம் அவர்கள் கற்றார்கள் என்று சொல்லத் துணியமாட்டேன்.

அந்த ஓசை இப்போது அருகிவிட்டது. தண்டவாளங்களை நெடுந்தூரம் பற்றவைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். இணைப்புகள்தாம் பாதையின் பலவீனமான இடங்கள், நீக்கியது நியாயமே. முன்பு தண்டவாளம் ஒன்றின் நீளம் 13 மீட்டர் என்பதால் ஜன்னலோரம் அமர்ந்து 47 நொடியில் எத்தனை 'தடக்' என்று எண்ணினால், அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். பிள்ளைகளை அரைமணி நேரம் சத்தமின்றி உட்கார வைக்க இதைவிட நல்ல கணக்கு இருந்ததில்லை. இப்போது கைப்பேசியே வேகத்தைச் சொல்லிவிடுகிறது. என் மேஜைப் பாதையில் மட்டும் 14 சென்டிமீட்டருக்கு ஒரு கீறல் அரத்தால் போட்டு வைத்திருக்கிறேன். பழைய மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் நீளத்துக்கு அது கணக்கு. வண்டி அதன்மேல் போகும்போது மெல்லிய ஓசை எழுகிறது. மின்விசிறியை நிறுத்தினால்தான் கேட்கும்.

பெயர்ப்பலகை எழுதும் பொறுப்பு என் பேரனுடையது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. மேலே தமிழ், அடுத்து ஹிந்தி, அடுத்து ஆங்கிலம். ஓர் அடி எழுத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர். அவன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். நாகரி எழுத்து வரியைக் கால் மணி நேரத்தில் எழுதிவிட்டான். 'தரங்கம்பாடி' என்பதற்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. 'ங்க' என்ற இடத்தில் தூரிகை மூன்று முறை நின்றது. பார்க்க வந்த நண்பர் ஒருவர், "1965 என்கிறீர், ஹிந்தி எழுத்தின்மேல் தார் பூசியிருக்க வேண்டாமா?" என்று கேட்டார். சரித்திர நோக்கில் அது தகுதியான கேள்வியே. பேரன் தாரைப் பற்றிய கதை முழுவதையும் கேட்டான். யார் பூசினார்கள், எதற்காக என்றெல்லாம் வினவினான். கேட்டுவிட்டு, "பூச வேண்டாம் தாத்தா, எனக்குச் சட்டென்று படிக்க வருவது அதுதானே" என்றான். நண்பர் மறுமொழி சொல்லவில்லை. பலகை தார் இன்றியே நிற்கிறது. மேல் வரியை இப்போது சட்டென்று படிக்கிறான்; அந்த ஓர் ஊர்ப் பெயரை மட்டும்.

நம் சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர், மீட்டர் கேஜ் பாதைகளில் ஸ்டேஷன் மாஸ்டராய் இருந்து ஓய்வு பெற்றவர், சென்ற மாதம் வந்து பார்த்தார். வயது எண்பத்தொன்பது. கண் பார்வை மங்கல். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கைகாட்டிகளின் நிலையைக் கேட்டார், சொன்னேன். "வளையம் எங்கே?" என்றார். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வாராது என்பதற்கு அத்தாட்சியாக, நிலையத்தில் உள்ள கருவியிலிருந்து ஓர் இரும்பு உருண்டையை எடுத்து, பிரம்பு வளையத்தில் கட்டிய பையில் வைத்து டிரைவரிடம் கொடுப்பது பழைய முறை. அது கையில் இல்லாமல் வண்டி அசையலாகாது. நான் அமைத்த நிலையத்தில் போர்ட்டர் வெறுங்கையோடு நின்றார். முதியவர் ஒரு மெல்லிய செப்புக் கம்பியை வாங்கிப் பென்சில் முனையில் சுற்றி, தடவித் தடவி வளையமாக்கிக் கொடுத்தார். கைகள் நடுங்கவில்லை. அதைப் போர்ட்டரின் கையில் ஒட்டும் வரை வண்டியை விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிசின் உலர ஒரு நாழிகை ஆயிற்று. அதுவரை காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

இப்போது ஒரு செய்தி. என் மகனுக்கு நாகபுரிக்கு மாற்றலாகியிருக்கிறது. மாற்றல் என்பது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. என் தரங்கம்பாடியைத் தொடக்கத்திலேயே மூன்று பலகைகளாகப் பிரித்துத்தான் கட்டினேன். லிப்டுக்குள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மேல் ஒரு பலகையும் இல்லை. மின்கம்பிகளைக் கழற்றி மாட்டலாம். கடல்தான் சிக்கல்; நிறமற்ற பிசினை ஊற்றி அமைத்த அலைகள் லாரியின் குலுக்கலில் விரிசல் காணலாம். பஞ்சும் பழைய புடவைகளும் சேகரமாகி வருகின்றன. நாகபுரி வீட்டின் கூடம் மூன்றரை மீட்டர் என்று தெரிகிறது. மூன்று பலகைகளுள் இரண்டுக்கு இடம் உண்டு. எந்தப் பலகையை விடுவது என்பதைக் குறித்து வீட்டில் மூன்று கட்சிகள். ஒரு கட்சி கடல். ஒரு கட்சி நிலையம். மாயவரத்துத் திரையை விடலாகாது என்பது பேரன் கட்சி. அதுவும் இல்லையென்றால் வண்டி எங்கே போகும் என்கிறான்.

முடிவாகும் முன் மூன்று பலகைகளையும் ஒன்றாய்ப் பூட்டி ஒருமுறை ஓட்டிவிட எண்ணம். வருகிற இரண்டாம் ஞாயிறு மாலை 4 மணி முதல் 7 மணி வரை நம் சங்கக் கூடத்தில் வண்டி ஓடும். குழந்தைகள் தாங்களே ஓட்டலாம். ஆனால் வளையம் கொடுத்த பிறகே. அந்தப் பாதையில் பயணம் செய்தவர்கள் முன் வரிசையில் அமரும்படி வேண்டுகிறேன். மின்விசிறிகளை நிறுத்தி வைப்போம். விசிறி கொண்டு வருக. அடுத்த மாதக் கட்டுரை நாகபுரியிலிருந்து வரும். அங்கே மோதிபாக் காட்சிசாலையில் இரண்டரை அடி அகலப் பாதை எஞ்சின்கள் நிற்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுவேன்.